சத்தமில்லாத வீடியோ

பதினேழு நாளாகச் சாமுலிக்கு இடது கண் தெரியவில்லை. ஐஸ் ஹாக்கிப் பயிற்சியில் ரப்பர் வட்டு எகிறிவந்து புருவத்துக்குக் கீழே அடித்தது. வீக்கம் வடிந்ததும் கண் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருந்தது. உள்ளே மட்டும் இருட்டு. யாரிடமும் சொல்லவில்லை. ஒற்றைக் கண்ணுள்ள தற்காப்பு ஆட்டக்காரனை எந்த கிளப்பும் வைத்துக்கொள்ளாது. முப்பத்துநான்கு வயதாகிறது, வேறு தொழில் தெரியாது.

சொல்வதற்கும் ஆள் இல்லை. இதுவரை ஐந்து ஊர், கிளப் கொடுத்த ஐந்து வீடு. ஐந்தாவது ஊரான காயானியில் இது மூன்றாவது குளிர்காலம். பயிற்சி முடிந்து வந்ததும் கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டு ஜன்னலருகே நிற்பான். வலது கண்ணைப் பொத்துவான். எதிரே பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அணைந்துபோவார்கள். கையை எடுத்தால் வருவார்கள்.

சனிக்கிழமை ஆட்டத்தில், கோல் கூண்டுக்குப் பின்னால் கிடந்த வட்டை எடுக்கப் போனான். எடுக்கப் போகிறவன் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டியாக வேண்டும். எதிராளி எந்தப் பக்கம் வருகிறான் என்று ஜோடிக்காரன் கத்திச் சொல்வான். இருபத்தோரு வயது ஓட்ஸோதான் அவனுக்கு ஜோடி.

"இடது! இடது!"

சாமுலி இடப்பக்கம் ஒரு பார்வை பார்த்தான். யாரும் தெரியவில்லை. அந்தப் பக்கமே திரும்பினான். வந்தவன் மோதி, வட்டைப் பறித்து, கோல் போட்டான். அந்த ஒரு கோலில் தோற்றார்கள்.

திங்கட்கிழமை உடைமாற்றும் அறையில் கோச் பென்டி வீடியோவை ஓடவிட்டார். படம் மட்டும்தான், சத்தம் கிடையாது.

"பெரிசு அவனக் கட்டிப்பிடிக்கப் போயிருக்கு!" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

பென்டி சிரிக்கவில்லை. "ஓட்ஸோ, வாயத் தச்சு வச்சிருந்தியாடா?"

"கத்துனேன் கோச்."

"கத்தியிருந்தா இவன் ஏன் அந்தப் பக்கம் திரும்புறான்? பதினாலு வருஷமா ஆடுறவன்டா."

ஓட்ஸோ சாமுலியைப் பார்த்தான். சாமுலி கையிலிருந்த காப்பிக் கோப்பையைப் பார்த்தான்.

"ஒருவேள... மெதுவா கத்திட்டேனோ என்னமோ," என்றான் ஓட்ஸோ.

"அப்ப நாளைக்கு ஆட்டத்துல நீ எறங்க வேணாம். ஜூனியர் டீமுக்கே போய்க் கத்திப் பழகு."

ஓட்ஸோ சாமுலியின் பக்கம் குனிந்தான். "மன்னிச்சிரு பெரிசு. ஒனக்குக் கேக்குற மாதிரி கத்தியிருக்கணும்."

பென்டி அடுத்த காட்சிக்கு ரிமோட்டைத் தூக்கினார்.

"நிறுத்துங்க கோச்," என்றான் சாமுலி. "அவன் கத்துனான். ரெண்டு தடவ. நல்லாவே கேட்டுச்சு."

"கேட்டுமா திரும்புன?"

"பாத்தேன். காலியாத்தான் இருந்துச்சு."

"ஆள் முழுசா வர்றான், காலியா இருந்துச்சுங்கிற?" பென்டி திரையைக் காட்டினார்.

சாமுலி கோப்பையைத் தரையில் வைத்தான்.

"எனக்கு இடது கண்ணு தெரியாது கோச்."