சுவரைப் பார்த்து உட்கார்ந்த குதிரைவீரன்

குதிரைப்படையில் இருக்கிறவனைப் போய் 'ஆமை' என்று கூப்பிட்டால் அவனுக்குக் கோபம் வராதா? வரவில்லையே! சிரித்துக்கொண்டே அந்தப் பட்டப்பெயரை ஏற்றுக்கொண்டான். அவன் வேலை அப்படி. போர்முனைக்குப் புதிதாக வந்து இறங்கும் குதிரைகளை அவசரமே படாமல், ஆமை வேகத்தில் பழக்குவான். பழகிய குதிரையில் ஏறி ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்குச் செய்தி கொண்டுபோவான். வாளை உருவினான், நாலு பேரை வெட்டினான் என்ற கதை வேண்டுமென்றால் நீங்கள் வேறு ஆளைப் பாருங்கள். பீரங்கிச் சத்தத்தில் வெலவெலத்துப்போன ஒரு குதிரை அவன் கையிலிருந்து கொள்ளு தின்றுவிட்டால், அன்றைக்கு அவன்தான் ராஜா.

அந்த ஆமைக்கு ஒருவழியாக லீவு கிடைத்தது. அவன் போருக்குப் போனபோது மனைவி வாயும் வயிறுமாக இருந்தாள். இப்போது மகளுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. ஓடுகிறாளாம், வாய் ஓயாமல் பேசுகிறாளாம். அவளை அவன் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. ரயிலில் வந்தவனுக்குத் தலைகால் புரியவில்லை. பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் பாய்ந்தான். "என் தங்கமே!" என்று இரண்டு கையையும் நீட்டினான்.

அவ்வளவுதான். மகள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

மனைவி தையல்காரி. முன்னறைதான் அவளுக்குக் கடை. ஜன்னலோரம் மெஷின், நடுவில் துணி வெட்டும் மேஜை, மேஜைக்கடியில் குவியல் குவியலாய்த் துண்டுத்துணி. மகள் அந்தக் குவியலுக்குள் பாய்ந்து புதைந்துகொண்டாள். ஒரு குதிகால் மட்டும் வெளியே தெரிந்தது.

"ஏய் குட்டி, உங்கப்பாடி!"

"வேணாம்! போகச் சொல்லு!" என்றது துணிக்குவியல்.

அன்று முழுக்க இதே கூத்து. அவன் ஒரு பக்கம் குனிந்தால் அவள் மறுபக்கம் பாய்வாள். பிஸ்கட் கொடுத்தான், அது திரும்பி அவன் மூக்கிலேயே வந்து விழுந்தது. அடுத்த வீட்டில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த மச்சான், மனைவியின் அண்ணன், இதையெல்லாம் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். குழந்தை அவர் இடுப்பிலேயே வளர்ந்தவள். "மாப்ளே, உன் மீசையப் பாத்தா எனக்கே பயமா இருக்கு. வா, எடுத்துடலாம்" என்றார்.

ஆமையும் நாற்காலியில் உட்கார்ந்தான். ஆசை ஆசையாய் வளர்த்த மீசை போயே போய்விட்டது. பளபளவென்று மழித்த முகத்தோடு வீட்டுக்குள் வந்தான். மகள் முன்னைவிட இரண்டு மடங்கு கத்தினாள். பாவம், அந்த மீசைக்காரனையாவது அவளுக்குக் கொஞ்சம் அடையாளம் தெரிந்திருந்தது. இது யார் புதிதாக ஒருத்தன்?

ராத்திரி சாப்பாட்டில் அவனுக்குக் கை போகவில்லை.

"பழகிடுவா. விடுங்க" என்றாள் மனைவி.

"எப்ப பழகுவா? புதன்கிழமை மத்தியானம் எனக்கு ரயில். அடுத்த லீவு வருமோ வராதோ, யாருக்குத் தெரியும்? ஒரு தடவ... ஒரே ஒரு தடவ தூக்கிட்டுப் போயிட்டா போதும்டி. அப்புறம் எது வந்தாலும் சரி."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோபமாகவே கேட்டாள்: "எதுவும் வராது, வாயக் கழுவுங்க. ஆமா, அங்க புதுக் குதிரைகிட்டயும் இப்படித்தான் கையை விரிச்சிக்கிட்டு ஓடுவீங்களா?"

"ஓடினா பல்லு முப்பத்திரண்டும்..." என்று சொல்ல வந்தவன் அப்படியே நிறுத்தினான். தலையில் பட்டென்று அடித்துக்கொண்டான். முட்டாள்! படு முட்டாள்!

மிரண்ட குதிரையை அவன் தேடிப் போனதே கிடையாது. பட்டிக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் குதிரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவான். அதன் கண்ணைப் பார்க்கமாட்டான். கடிவாள வாரைத் துடைத்தபடி வாய்க்குள் ஏதாவது பாடிக்கொண்டிருப்பான். குதிரைக்குத்தான் எத்தனை நேரம் பொறுக்கும்? யார் இவன், நம்மைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறானே என்று மெல்ல மெல்ல வந்து முகர்ந்து பார்க்கும். அப்போதும் திரும்பக் கூடாது. அதுதான் சட்டம். பேசாமல் எழுந்து நடக்க வேண்டும், அது தானாகப் பின்னால் வரும். சந்தோஷத்தில் திரும்பினால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. ஒரு தடவை வேலிக்கு அந்தப்பக்கம் குண்டு விழுந்தது. அப்போதுகூட அவன் திரும்பவில்லை.

மறுநாள் காலையிலேயே ஒரு முக்காலியைப் போட்டு, மேஜைக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். பெல்ட்டைக் கழற்றித் துடைத்தான். துடைத்ததையே திரும்பவும் துடைத்தான். ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தான்.

சட்டைக்கு அளவு கொடுக்க வந்த பெண் மனைவியின் காதில் கிசுகிசுத்தாள்: "அக்கா, அண்ணனுக்குத் தலையில ஏதும் அடிகிடி பட்டுச்சா?"

மச்சான் எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ளே, வாத்தியார் சுவத்தப் பாத்து நிக்கச் சொன்னாரா?"

"அவர சும்மா விடுண்ணே" என்றாள் மனைவி. மெஷினை மிதித்தபடி ஓரக்கண்ணால் மேஜைக்கடியிலேயே ஒரு பார்வை வைத்திருந்தாள்.

அந்த நாள் போயிற்று. அடுத்த நாளும் போயிற்று. முதுகுக்குப் பின்னால் துணி சரசரக்கும், நின்றுவிடும். சின்னக் காலடி ஒன்று கொஞ்ச தூரம் வரும், பிறகு திடுதிடுவென்று ஓடிவிடும். ஆமை அசையவில்லை. அந்த விஷயத்தில் அவன் கெட்டிக்காரன்.

புதன்கிழமையும் வந்தது. யூனிபார்ம் போட்டு, பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, அப்போதும் அந்த முக்காலியில்தான் போய் உட்கார்ந்தான். மனைவி மெஷினை நிறுத்திவிட்டாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

காலடி கேட்டது. இந்தத் தடவை நிற்கவில்லை. பிடரியில் சூடாக மூச்சு பட்டது. பிறகு ஒரு பிசுபிசுத்த விரல் அவன் காதைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தது.

எழுந்து நட, திரும்பாதே. சட்டம் அவனுக்கு மனப்பாடம்.

அவன் திரும்பிவிட்டான். எந்த மகராசனால் திரும்பாமல் இருக்க முடியும்? திரும்பியது போதாதென்று கண்ணில் தண்ணீர் வேறு கொட்டியது. குதிரையாக இருந்திருந்தால் இந்நேரம் வேலியைத் தாண்டியிருக்கும். மகள் ஓடவில்லை. அவன் மேலுதட்டைத் தடவிப் பார்த்தாள்.

"மீசை எங்க?"

"மாமா எடுத்துட்டாரு."

"மாமா மோசம்" என்றாள். அவன் மடியில் ஏறிச் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டாள்.

"மாப்ளே, ரயிலுக்கு நேரமாச்சு!" என்று மச்சான் தெருவிலிருந்து கத்தினார்.

"கத்தாதீங்க மச்சான், புள்ள மிரண்டுடப்போறா!"

ரயில் போய்விட்டது. அடுத்த ரயில் மறுநாள்தான். அதுவரை அவளை அவன் தோளிலிருந்து இறக்கவில்லை. சாப்பிட்டது, தூங்கியது எல்லாம் அங்கேயேதான்.

முகாமுக்குத் தாமதமாக வந்து சேர்ந்ததற்குத் தண்டனையாக, லாயத்தில் இருந்த அத்தனை குதிரைகளின் லத்தியையும் அவன் ஒருவனே அள்ள வேண்டும் என்றார்கள். சார்ஜென்ட் வந்து பார்த்தபோது ஆமை தலையிலிருந்து கால்வரை நாறிக்கொண்டு, உச்சஸ்தாயியில் பாடிக்கொண்டிருந்தான்.

"தண்டனை குடுத்தா கச்சேரி நடத்துறியா? என்னடா அப்படி ஒரு சந்தோஷம்?"

"மக வந்தா சார்."

"எங்கடா வந்தா?"

"எங்கிட்ட."