சர்வேயர் தைத்த டாப்ஸ்

நிலம் அளந்து சம்பளம் வாங்குகிறவன் நான். ஒரு விரற்கடை பிசகினாலும் வேலிக்கு இந்தப் பக்கத்துக்காரரும் அந்தப் பக்கத்துக்காரரும் சேர்ந்து என் சட்டையைப் பிடிப்பார்கள். அதனால் அளவு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கோபம் வந்தாலும் கொஞ்சல் வந்தாலும் என் மனைவி என்னைச் "சர்வேயர் சார்" என்றுதான் கூப்பிடுவாள். எது எப்போது என்று நான்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

தையல் மிஷினை ஆசைப்பட்டு வாங்கியவள் அவள். இரண்டு தலையணை உறையோடு அந்த ஆசை தீர்ந்துவிட்டது. தூசி படிகிறதே என்று போய் உட்கார்ந்த நான் எழுந்திருக்கவே இல்லை.

அவளுக்குத் தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் வேலை. கோடை வந்தால் ஆபீஸ்காரர்கள் ஏரிக்குப் போய்ப் படகு விட்டு, கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எந்தப் போட்டோவிலும் அவள் இருக்க மாட்டாள். தைராய்டு வந்து உடம்பு போட்ட பிறகு, "யாராவது எடுக்கணும்ல" என்று கேமராவைக் கையில் வாங்கிக்கொள்வாள். இந்த வருஷம் என்ன தோன்றியதோ, "நானும் நிக்கப்போறேன். ஒரு டாப்ஸ் தச்சுக் குடுங்க" என்றாள். எனக்குக் கை பரபரத்தது.

துணி வெட்ட இன்டர்நெட்டில் ஒரு அம்மா போட்டிருந்த பேட்டர்ன் சுலபமானது. முன்பக்கம், பின்பக்கம், கழுத்துக்கு ஒரு உள்பட்டி, அவ்வளவுதான். பட்டனும் கிடையாது, ஜிப்பும் கிடையாது. தலை வழியாக மாட்டிக்கொள்ள வேண்டியது. அச்செடுத்த தாளில் அளவு சரியாக விழுந்திருக்கிறதா என்று ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். துணியைத் துவைத்து, சுருங்குவதெல்லாம் சுருங்கட்டும் என்று காயப்போட்டேன். பிறகு டேப்போடு அவளைச் சுற்றி வந்தேன்.

"ஏன் போலீஸ் செலக்‌ஷன்ல நிக்கற மாதிரி நிக்கற?"

பதில் இல்லை. முகம் மட்டும் சிவந்திருந்தது. கல்யாணமாகி இவ்வளவு காலம் கழித்தும் நான் தொட்டால் வெட்கப்படுகிறாளே என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போட்டுப் பார்த்தாள். இளம்பச்சைப் பருத்தி. தலை நுழைந்தது, தோள் நுழைந்தது. வயிற்றுக்கு வந்ததும் நின்றுவிட்டது. இழுத்துவிட்டாள். பக்கத் தையல் பல்லிளித்தது.

"துணி சுருங்கிடுச்சு போல."

"துவைச்சுட்டுத்தானே வெட்டினேன்."

"அப்ப விடுங்க. யாராவது போட்டோ எடுக்கணும்ல."

கழற்றி அழகாக மடித்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். எனக்குத் துணிமேல் கோபம், பேட்டர்ன் போட்ட மகராசிமேல் கோபம், என்மேல் எல்லாவற்றையும் விடக் கோபம். மறுபடி உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எதிலும் பிசகில்லை.

அடுக்களையில் அவள் தங்கையோடு போனில் பேசுவது கேட்டது. தூக்கத்தில்கூடப் பேசுகிறவள். பல் டாக்டர் வாய்க்குள் கையை விட்டிருந்தபோதும் அவருக்குக் கதை சொன்னவள். அப்படிப்பட்டவள் நான் அளக்கும்போது மட்டும் ஏன் வாயைத் திறக்கவில்லை?

திறந்திருந்தால் வயிறு வெளியே வந்திருக்கும். அத்தனை நேரமும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. என்னிடம்கூடவா மறைக்கத் தோன்றியது என்று நினைத்ததும் மனசு கனத்துவிட்டது.

சனிக்கிழமை அவளுக்கு டியூட்டி. அவளுடைய மாற்று யூனிஃபார்ம் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதை அளந்து உண்மையான அளவை எடுத்தேன். டாப்ஸின் இரண்டு பக்கமும் தையலைப் பிரித்தேன். தரை துடைக்கத்தான் லாயக்கு என்று அவள் ஒதுக்கி வைத்திருந்த என் நீலக் கோடு போட்ட சட்டையை எடுத்து, அக்குளிலிருந்து கீழ்வரை விரிந்துகொண்டே போகிறமாதிரி பட்டி வெட்டி, பக்கத்துக்கு ஒன்றாக வைத்துத் தைத்தேன். சட்டைப் பை மிச்சமிருந்தது. அதையும் இடுப்புக்குக் கீழே ஒட்டவைத்தேன்.

வேலை முடிந்து வந்தவள் எடுத்துப் பார்த்தாள்.

"இது என்ன?"

"பேட்டர்ன்ல பக்கப்பட்டி உண்டு. நான் கவனிக்காம விட்டுட்டேன். என் தப்புதான்."

"சர்வேயர் சாருக்குத் தப்புகூட வருமா?"

"வெயில்ல தலை சுத்தியிருக்கும்."

"ஃபேனுக்கு அடியில உக்காந்துதானே வெட்டினீங்க?"

பேட்டர்ன் தாள் மேசைமேலேயே கிடந்தது. அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். டாப்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏரியிலிருந்து மூக்கு நுனி கறுத்துப்போய் வந்து சேர்ந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை நீட்டினாள். முன்வரிசை நடுவில் அவள். காற்றில் நீலப்பட்டி விரிந்திருக்க, வாய் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யார் எடுத்தது?"

"போஸ்ட்மாஸ்டர். ஓரத்துல அவர் விரலும் விழுந்திருக்கு பாருங்க. ஆனா நான் நல்லாத் தெரியறேன்."

பிறகு மிஷின் மேலிருந்த டேப்பை எடுத்து என் கையில் வைத்தாள்.

"அடுத்தது மஞ்சள்ல வேணும். பக்கப்பட்டி வேண்டாம். இப்ப அளங்க."

இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். நான் டேப்பைச் சுற்றினேன். படகு ஆடிய ஆட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். போஸ்ட்மாஸ்டரின் தொப்பி ஏரியில் விழுந்ததைச் சொன்னாள், அதை எடுக்கத் துடுப்பை நீட்டிய ஆளும் விழப்போனதைச் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க டேப் என் விரல்களுக்குள் நழுவி நழுவி விரிந்தது. விரியட்டும் என்று விட்டேன். அளந்து முடித்த பிறகும் அவள் பேச்சை நிறுத்தவில்லை. நானும் டேப்பை எடுக்கவில்லை.