நூல் பட்ட முகம்

ஈரானியக் கணக்கில் ஆயிரத்து முந்நூற்று முப்பத்தேழாம் ஆண்டு, மாதுளை பறிக்கிற மாதத்தின் கடைசி வாரத்தில், பள்ளி ஆசிரியை ஷம்சி முகத்து முடியை நீக்கிக்கொண்டு இஸ்ஃபஹானிலிருந்து பேருந்தில் வந்து இறங்கினாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு கணவன் இருந்தான். கல்யாணம் நடக்கவில்லை.

அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. எங்கள் ஊர் அர்தெஸ்தானில், பெண்கள் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தாள். மேலுதட்டில் முடி கறுப்பாகவே இருந்தது. புருவங்கள் மூக்குக்கு மேல் சேர்ந்திருந்தன. ஒரு மாணவி அவளைக் கரும்பலகையில் மீசையோடு வரைந்திருந்தாள். அச்சு அசலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஷம்சி அதை அழித்தாள். அவளை உறுத்தியது அது அல்ல. தபால் நிலையத்து எழுத்தர் ஹெஷ்மத், சனிக்கிழமைகளில் அவள் பள்ளிக் கடிதங்களைக் கொண்டு போகும்போது, அஞ்சல் தலைகளைத் தானே நாக்கில் நனைத்து ஒட்டிக் கொடுப்பான். மாதுளை முடிந்ததும் நத்தன்ஸிலிருந்து என் அத்தை வருவாள் என்று ஒரு சனிக்கிழமை சொன்னான். அத்தை பெண் பார்க்கத்தான் வருவாள் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். வருகிறவள் முதலில் உதட்டைத்தான் பார்ப்பாள் என்று ஷம்சி நினைத்தாள். சவரக்கத்தி எடுத்தால் ஆண்களைப்போல் முள்ளாக வளரும் என்றார்கள். குளியல் கூடத்தில் முடி நீக்கத் தேய்க்கும் சுண்ணாம்புப் பசை அவள் சித்தி மகளின் தாடையைப் பொசுக்கியிருந்தது. இடுக்கியால் பத்து பிடுங்கினால் இருபது மிச்சமிருந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. ஆகவே பெண்களுக்கு நூல் போட்டு முகத்து முடி எடுக்கிற ருகையாவிடம் போனாள்.

"கல்யாணத்துக்கு முந்தின நாள் வா. உரிச்ச முட்டை மாதிரி ஆக்கித் தரேன்," என்றாள் ருகையா.

"கல்யாணம் ஆகணும்னுதான் எடுக்கச் சொல்றேன், ருகையா கானும்," என்று ஷம்சி மரியாதை வைத்தே சொன்னாள்.

"நல்லாருக்கே! நூல் பட்டுட்டா நீ ஒருத்தன் பெண்டாட்டி. யாரு அவன்னு ஊர் கேட்கும். என்னைக் கை காட்டிடுவியா?"

அங்கே உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். ஷம்சி அடுத்த செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்து இஸ்ஃபஹானுக்குப் போனாள். அங்கே ஜோல்ஃபா பேட்டையில் சதெனிக் என்ற ஆர்மீனியப் பெண் கடை வைத்திருந்தாள். அவள் ஷம்சியின் முகத்தில் வெள்ளைப் பொடி தேய்த்து, நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து, அரை மணி நேரத்தில் வேலையை முடித்தாள். கல்யாணம் ஆனவளா என்று கேட்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த முகம் ஷம்சிக்குப் பிடித்திருந்தது. திரும்பும் வழி முழுக்கப் பேருந்தின் ஜன்னல் கண்ணாடியிலும் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பேருந்து நிற்கும் இடத்தில் பக்கத்து வீட்டு பதூல் அவளைப் பார்த்தாள். ஷம்சிக்குப் பின்னாலேயே வீட்டுக்குள் வந்து, மாவு பிசைந்துகொண்டிருந்த அவள் தாய் கௌஹரிடம், "கமுக்கமா முடிச்சிட்டியே! ஒரு மிட்டாய்கூட வாயில போடல. மாப்பிள்ளை யாரு?" என்றாள். கௌஹர் மகளின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். மகளின் மானம் போகாதிருக்க ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருந்தது.

"அபாதான்ல இருக்காரு. எண்ணெய்க் கம்பெனி வேலை. லீவு கிடைக்கல, அதான் அவசரமா முடிச்சோம்."

"பேரு?"

"யதொல்லா."

அந்தப் பெயரில் அவர்களுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. மறுநாள் தலைமையாசிரியை இனிப்புத் தட்டு அனுப்பினாள். வெள்ளிக்கிழமை ஹெஷ்மத்தின் அத்தை வந்தாள். வாசலில் ஷம்சியின் முகத்தைப் பார்த்ததும் வீடு மாறி வந்துவிட்டதாகச் சொல்லி, தேநீர் குடிக்காமல் நத்தன்ஸுக்குத் திரும்பினாள். பதினோராம் நாள் முதல் கடிதம் வந்தது. ஹெஷ்மத் அதை ஜன்னல் வழியாக நீட்டினான்.

"உங்க வீட்டுக்காரர் கையெழுத்து நல்லா இருக்கு, கானும்."

"எனக்கு வீட்டுக்காரர் கிடையாது."

"கடுதாசி வந்திருக்கே."

உறையில் அபாதான் முத்திரை ஒழுங்காக விழுந்திருந்தது. அன்று அஞ்சல் தலைகளை ஹெஷ்மத் அவளிடமே கொடுத்துவிட்டான். அவளே நனைத்து ஒட்டினாள்.

கடிதங்களில் வெயிலைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் எழுதியிருந்தது. கூரை ஒழுகுகிறதா என்று கேட்டிருந்தது. நவ்ரூஸ் புத்தாண்டு விடுமுறைக்கு யதொல்லா நேரில் வந்தான். அதன்பின் ஆண்டுக்கு மூன்று முறை வந்தான். ரொட்டிக் கடைக்காரர் அவனிடம் காசு வாங்கியிருக்கிறார், நல்ல மனிதன், பேச்சு குறைவு என்பார். முகம் எப்படி என்றால் யோசிப்பார். ஷம்சிக்கு அவன் எப்போதும் பக்கவாட்டில்தான் தெரிந்தான். இடது தோள் சற்று இறங்கியிருக்கும். அவள் திரும்பும்போது கிணற்றடிக்குப் போயிருப்பான். வைக்கோலும் மண்ணும் குழைத்துக் கூரையைப் பூசினான், ஒழுகுவது நின்றது. இலையுதிர்காலத்தில் வந்தால் மாதுளையை உதிர்த்து, வெள்ளைத் தோல் ஒரு துணுக்கும் இல்லாமல், ஒரு கிண்ணத்தில் அவளுக்காக வைத்துவிட்டுப் போவான். முதல் இரண்டு வருடம் அவள் அதைக் கோழிகளுக்குப் போட்டாள். மூன்றாம் வருடம் தின்றாள். அவனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ருகையா மூன்று வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே வந்து நூல் போட்டாள், "இப்பத்தான் நியாயமான முகம்," என்று கன்னத்தைத் தட்டினாள்.

நாற்பத்து மூன்றாம் ஆண்டு ஹெஷ்மத்துக்கு ஷிராஸுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. இரண்டு மாதத்தில் போக வேண்டும். அவன் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த வாரம் ருகையா வந்தபோது ஷம்சி நூல் வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள்.

"வளரட்டும். பழையபடி கல்யாணம் ஆகாதவளா ஆயிடறேன்," என்றாள் தாயிடம்.

"அந்த யதொல்லா உன்னை என்னடி பண்ணினான்?"

"அப்படி ஒருத்தன் இல்லம்மா. நீதானே சொன்னே."

"கூரைய யாரு பூசினது?"

ஷம்சி நோட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். மூன்றாம் வாரம் உதட்டுக்கு மேல் நிழல் விழுந்தது. ஐந்தாம் வாரம் புருவங்கள் சேர்ந்தன. அபாதானிலிருந்து கடிதம் வருவது நின்றது. கணக்கு டீச்சர் ஒன்றை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் ஊரில் இரண்டு வகைப் பெண்கள் முகத்து முடியை எடுப்பதில்லை: கல்யாணம் ஆகாதவள், வீட்டில் சாவு விழுந்தவள். ஆறு வருடம் நூல் பட்ட முகத்தில் முடி வளர்ந்தால் யாரும் முதலாவதை நினைக்க மாட்டார்கள். ஏழாம் வாரம் பதூல் கறுப்பு உடுத்திக்கொண்டு துக்க வீட்டுக்குக் கொண்டுபோகிற அல்வாத் தட்டோடு வந்தாள்.

"கடவுள் உனக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும், ஷம்சி ஜான்."

"யாரு போயிட்டாங்க?"

"என்கிட்டயுமா மறைக்கணும்? மூஞ்சியே சொல்லுதே."

தந்தி மறுநாள் காலை வந்தது. யதொல்லா காய்ச்சலில் இறந்துவிட்டான். ஹெஷ்மத்தே அதை வீட்டுக்குக் கொண்டுவந்தான், கையில் கறுப்புத் துணி கட்டியிருந்தான், தரையைப் பார்த்தபடி நின்றான். "ஆறு வருஷமா அவர் எழுத்தைப் பாத்திருக்கேன். எனக்கே வேண்டப்பட்டவர் மாதிரி ஆயிட்டாரு," என்றான். ஷம்சி அவனிடம் சொல்ல ஏழு வாரமாக ஒரு பேச்சைச் சேர்த்து வைத்திருந்தாள். துக்கத்தில் இருக்கிற பெண் அதைச் சொல்ல முடியாது. அவனும் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. சனிக்கிழமை அவன் ஷிராஸ் பேருந்தில் ஏறினான்.

சவப்பெட்டி லாரியில் வந்தது. எட்டுப் பேர் தூக்கினார்கள், தோள் கன்றிப் போயிற்று. கௌஹர் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "என் வாயில வந்தவன், உன் மூஞ்சியில போயிட்டான்," என்று மகளிடம் ஒரே ஒரு முறை சொன்னாள். ஷம்சி அன்று அழவில்லை. மாதுளைக் காலத்தில், ஒரு பழத்தைத் தானே உதிர்த்துத் தின்றபோது வெள்ளைத் தோல் பல்லில் அகப்பட்டுக் கசந்தது. அப்போது அழுதாள். ஒரு முறையாவது முழுதாகத் திரும்பிப் பார்த்திருக்கலாம், கிண்ணம் நன்றாக இருந்தது என்றாவது சொல்லியிருக்கலாம் என்றாள். இதை பதூல்தான் ஊருக்குச் சொன்னாள்.

ஆண்டு முடிந்ததும், வழக்கப்படி, அவளைத் துக்கத்திலிருந்து எடுக்கப் பெண்கள் வந்தார்கள். பதூல் பூப்போட்ட துணி கொண்டுவந்தாள். ருகையா நூலையும் வெள்ளைப் பொடியையும் பிரித்து வைத்தாள்.

"எடுத்துட்டா அவர் திரும்பி வருவாரா?" என்று ஷம்சி கேட்டாள்.

"செத்தவன் நூலுக்கு வரமாட்டான், கண்ணு. வேற எவனாவது வந்தாத்தான் உண்டு."

"யாரு?"

"அதை உங்கம்மா சொல்லணும்."

எல்லோரும் சிரித்தார்கள். கௌஹர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். ஷம்சி நூலைக் கையில் எடுத்து விரல்களில் சுற்றிப் பார்த்தாள். சதெனிக் கடைக் கண்ணாடியில் பார்த்த முகத்தை அவள் மறக்கவில்லை. நூலை ருகையாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்ப இருக்கட்டும்."

ஐம்பதாம் ஆண்டுக்குப் பிறகு பெரிய தெருவில் அழகு நிலையம் திறந்தது. கடைசி வகுப்புப் பெண்கள் நூல் போட்ட புருவத்தோடு பள்ளிக்கு வந்தார்கள். ஷம்சி சில மாதம் தபால் நிலையத்தில் விசாரித்தாள். அந்தப் பெண்கள் யாருக்கும் கணவனிடமிருந்து கடிதம் வரவில்லை. எந்தத் தாயும் எந்தப் பெயரையும் சொல்லவில்லை. அவர்களில் ஒருத்தி, அழகு நிலையத்துக்குத் துணைக்கு வருகிறேன் டீச்சர், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கூப்பிட்டாள். அந்தப் பெண்ணின் நோட்டைத் திருத்தி முடித்துவிட்டு, காலம் போய்விட்டது என்றாள் ஷம்சி.

அறுபத்தொன்பதாம் ஆண்டு குளிர்காலத்தில் அவள் இறந்தாள். பதிவேட்டில் யதொல்லாவின் விதவை என்று எழுதினார்கள். அது சரியான பதிவுதான். அவன் பக்கத்திலேயே இடம் இருந்தது. குழி வெட்டியவர், பக்கத்தில் இருப்பவர் நெட்டையான ஆள், அவர் காலில் மண்வெட்டி படாமலிருக்க அரை முழம் தள்ளி வெட்ட வேண்டியிருந்தது என்றார்.