வெயிட்டுக்கு ஓர் ஆள்

புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரு லேத் பட்டறை. அதற்கு மேல்மாடியில் ‘கரடுமுரடு’ மாத இதழின் ஆபீஸ். சுமலதாவின் வீடும் அதேதான். பழைய ஜீப், பழைய மிலிட்டரி லாரி, சேற்றிலும் மலையிலும் ஏறுகிற வண்டிகள், இவற்றின் மேல் பைத்தியம் பிடித்து அலைகிறவர்களுக்கான பத்திரிகை அது. ஆசிரியர் தணிகைவேல், அவள் புருஷன். மாதம் ஒரு தலையங்கம் எழுதுவதோடு அவன் வேலை முடிந்தது. படம் எடுப்பது, பக்கம் கட்டுவது, பிழை பார்ப்பது, வாசகருக்குப் பதில் எழுதுவது எல்லாம் சுமலதா தலையில். கல்யாணமான புதிதில் ஒத்தாசைக்கு என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள், இன்னும் எழுந்தபாடில்லை. படுக்கிற அறையில்கூட சுவர் முழுக்க டயர் படம். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது அச்சகத்துக்காரன் போன், தலைக்குக் குளிக்கும்போது வாசகர் போன். எங்கே போவாள், சொல்லுங்கள்? ஆபீஸிலிருந்து கிளம்பினால் வீடு, வீட்டிலிருந்து கிளம்பினால் ஆபீஸ். நடுவில் ஒரு திரைச்சீலைதான்.

அதனால்தான் கும்மிடிப்பூண்டியில் ஒரு பெயின்ட் கம்பெனிக்கு எழுதிப் போட்டாள். டப்பாவுக்கு லேபிள் வரைகிற வேலை. தனி மேஜை, கம்பெனி பஸ், சாயங்காலம் எழுந்தால் எழுந்ததுதான். நேரில் வரச் சொல்லி போன் வந்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். தணிகைவேலிடம் சொன்னாள். கத்துவான் என்று பார்த்தால், மனுஷன் சிரித்தான்.

“போய்ட்டு வாயேன், நானா வாணான்றேன்? காலைல ஆத்துல அட்டைப்படம் எடுத்துக்கினு, அப்டியே நேரா உன்ன கம்பெனில வுட்டுர்றேன்.”

கம்பெனிக்குக் கட்டிக்கொள்ள ஒரு நல்ல புடவையைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு அவளும் கிளம்பினாள். புத்தி வேண்டாமா!

ஆரணி ஆற்றில் மழைத் தண்ணீர் வடிந்து வண்டல் படிந்திருந்தது. கீழ்ப்பட்டறை ஜெரால்ட் கரையில் நின்றான். ஜீப்புக்கு வைத்தியம் பார்ப்பவன் அவன்தான். தணிகைவேல் தன் பழைய மிலிட்டரி ஜீப்பை ஆற்றுக்குள் விட்டு இப்படியும் அப்படியும் ஓட்டினான். சுமலதா கரையிலிருந்து படமெடுத்தாள். எல்லாம் நன்றாகத்தான் வந்தது. சும்மா இருக்கலாம் இல்லையா?

“சுமா, உள்ள ஏறு. ஸ்டீரிங்கோட சேத்து ஒரே ஒரு படம்.”

ஏறினாள். வண்டி பத்தடி போயிருக்காது, பின்சக்கரம் இரண்டும் புதைந்து வயிறு தரை தட்டிவிட்டது. மிதிக்க மிதிக்க இன்னும் உள்ளே போனது.

“அண்ணே, அந்தாண்ட வயல்ல சடையப்பன் டிராக்டர் ஓட்டிக்கினு இருக்காரு. கூப்பிடட்டா?” என்று கரையிலிருந்து கத்தினான் ஜெரால்ட்.

“வாய மூடு நைனா!”

காரணம் இருந்தது. ஒவ்வொரு இதழிலும் முதல் பக்கத்தில், தணிகைவேல் பெயருக்குக் கீழே தடித்த எழுத்தில் இருக்கும்: ‘எங்கள் வண்டியை எவரும் இழுத்ததில்லை.’ அதை அச்சுக் கோத்ததும் சுமலதாதான். டிராக்டர் கட்டி இழுத்தால் அந்த வரி என்னாவது, மானம் என்னாவது?

“நீ பின்னால போயி உக்காரு சுமா. வெயிட் இருந்தாத்தான் சக்கரம் புடிக்கும்.”

அவள் பின்னால் போய் உட்கார்ந்தாள். மடியில் கேமரா, அதன்மேல் புடவைப் பை. தணிகைவேல் இறங்கி மண்வெட்டியால் சேற்றை வாரினான். பலகை வைத்தான். ஏறி மிதித்தான். மறுபடி இறங்கினான். வெயில் உச்சிக்கு வந்தது. கம்பெனியிலிருந்து ஜெனிபர் என்ற பெண் போன் செய்தாள்.

“மேடம், இன்னும் காணோமே? மதியத்துக்கு மேல சார் ஊருக்குக் கிளம்பிடுவாரு.”

“இதோ வந்துட்டே இருக்கேம்மா.”

வந்துகொண்டே இருக்கிறாளாம்! நடு ஆற்றில், கல் மூட்டை மாதிரி உட்கார்ந்துகொண்டு. அவளுக்கு அழுகை முட்டியது. காலைத் தூக்கி வெளியே வைத்தாள்.

“எறங்காத! நீ எறங்குனா சக்கரம் தூக்கினு சுத்தும்!”

“நான் போவணும்ங்க.”

“எங்க போயிடப் போவுது அந்தக் கம்பெனி? செத்த நேரம் உக்காந்தா கொறைஞ்சா போயிடுவ?”

அந்தச் செத்த நேரத்தில்தான் அவள் வயசெல்லாம் போயிருந்தது. அதை அவனிடம் சொல்லிப் பிரயோசனமில்லை. இறங்கினாள். முழங்கால் வரை சேறு. செருப்பு ஒன்று உள்ளேயே போய்விட்டது, போகட்டும். நேராக வயலுக்கு நடந்து சடையப்பனைத் தானே கூட்டி வந்தாள். டிராக்டர் சங்கிலி போட்டு இழுத்தது. தணிகைவேல் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான். சுமலதா கரையில் நின்று அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஜெரால்டின் பைக்கில் ஏறினாள்.

சேற்றுக் காலோடு அவளைப் பார்த்துக் கம்பெனியே சிரித்தது. ஆனாலும் வரைந்து காட்டச் சொன்னார்கள். வரைந்தாள். ஒண்ணாம் தேதி வந்து சேரச் சொன்னார்கள். திரும்பும்போது ரயிலடி டீக்கடையில் நின்று, தனக்கே தனக்கென்று ஒரு டீ வாங்கிக் குடித்தாள்.

அடுத்த இதழ்தான் தன் கையால் கடைசி என்று முடிவு கட்டிவிட்டாள். அட்டையில் ஆற்றைக் கிழித்துக்கொண்டு வரும் ஜீப்பைப் போடவில்லை. டிராக்டர் இழுக்க, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டிருக்கும் ஆசிரியரைப் போட்டாள். தணிகைவேல் என்றைக்கு அச்சுக்கு முன்னால் அட்டையைப் பார்த்தான், இன்றைக்குப் பார்க்க? இதைப் பார்த்தால் ஆயுசுக்கும் இந்த நாற்காலியில் தன்னை உட்கார வைக்க மாட்டான் என்று நினைத்தாள்.

இதழ் வந்தது. அவன் பார்த்தான். சோற்றைத் தொடவில்லை. அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது.

அப்புறம் போன் அடிக்க ஆரம்பித்தது பாருங்கள்! குன்னூர் எஸ்டேட்காரர் ஒருவர், “என் ஜீப்பையும் யானை இழுத்திருக்கு சார், வெளிய சொன்னதில்ல” என்று சிரித்தார். ஒரு ரிட்டையர்டு கர்னல், தன் வண்டியைக் குப்பை லாரி இழுத்த படத்தை அனுப்பினார். போடியிலிருந்து, ஏற்காட்டிலிருந்து, வால்பாறையிலிருந்து படமாக வந்து கொட்டியது. ஒளித்து வைத்திருந்த அவமானத்தையெல்லாம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். கடைகளில் இதழ் மிஞ்சவில்லை.

ஒண்ணாம் தேதிக்கு முந்தின நாள், சுமலதா டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தணிகைவேல் படியேறி ஓடி வந்தான். கையில் அவளுக்குப் பிடித்த பாதுஷா.

“சுமா, அடுத்த இதழு பூரா மாட்டிக்கின வண்டிங்கதான்! உன் மூளையே மூளை. நீ இல்லன்னா நான் இன்னாத்துக்கு ஆவேன்?” அவன் கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே கலங்கியிருந்தது, அதுதான் கொடுமை. “அந்தக் கம்பெனிப் பொண்ணுக்கு நானே காலைல போன் போட்டு நீ வரலன்னு சொல்ட்டேன். உனக்குச் சொல்ல சங்கடமா இருக்கும்ல?”

அவள் ஜெனிபரைக் கூப்பிட்டாள்.

“அய்யோ மேடம், சார் வேற ஆள எடுத்துட்டாரே. உங்க ஹஸ்பெண்ட்தானே சொன்னாரு?”

சுமலதா போனை வைத்தாள். கத்த வேண்டும் போலிருந்தது. எதிரே பாதுஷாவை நீட்டிக்கொண்டு பல்லெல்லாம் தெரிய நிற்கிறவனைப் பார்த்து எப்படிக் கத்துவது? திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு போய், அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வந்த படங்களைக் கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொன்றாகத் திறந்தாள். சேற்றில் ஒரு ஜீப். முன்னால் ஓர் ஆள் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார். பின்சீட்டில், மடியில் கைப்பையோடு ஒரு பெண்பிள்ளை. அடுத்த படம், மலைச்சரிவு. பின்சீட்டில் ஸ்வெட்டர் போட்ட ஓர் அம்மாள், கையில் கட்டைப்பை. அடுத்ததிலும் ஒருத்தி, பட்டுப்புடவையும் தலையில் பூவுமாக. அதற்கடுத்ததிலும். வண்டி மாறியது, மண் மாறியது, பின்சீட்டு மாறவில்லை.

“இவங்கள்லாம் யாருங்க?”

தணிகைவேல் எட்டிப் பார்த்தான். “யாரு, அவங்கவங்க ஊட்டுக்காரம்மாவா இருக்கும். வெயிட்டுக்கு உக்கார வெச்சிருப்பாங்க. வெட்டிடு, வண்டி மட்டும் வரட்டும்.”

சுமலதா வெட்டினாள். வண்டியை வெட்டினாள். பானெட்டு போயிற்று, சக்கரம் போயிற்று, ஸ்டீரிங் பிடித்தவர் போனார். பட்டுப்புடவைக்காரி மட்டும் இதழ்ப் பக்கத்தில் மிஞ்சினாள். படத்துக்குக் கீழே போடப் பெயர் வேண்டுமே? அனுப்பியவரின் நம்பரைப் போட்டாள். போடியிலிருந்து ஒரு பெண் குரல் எடுத்தது.

“‘கரடுமுரடு’லேர்ந்து பேசறேங்க. ஜீப்பு மாட்டிக்கின படம் ஒண்ணு அனுப்பியிருக்கீங்க. அதுல பின்னாடி பட்டுப்புடவைல உக்காந்திருக்கறது யாரு?”

“நான்தாங்க. அதெதுக்குக் கேக்குறீங்க? வண்டியப் பத்தின்னா அவருகிட்டக் குடுக்கேன்.”

“வண்டி கெடக்குது, வுடுங்க,” என்றாள் சுமலதா. “அன்னிக்கு நீங்க எங்க போக வேண்டியிருந்துச்சு?”

அந்த அம்மாள், யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்பதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். சுமலதா கீபோர்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.