பூனை கத்திய பாட்டு

பூனை என்று அவளுக்குப் பேர் வைத்தது வகுப்புத் தோழிகள்தான். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. வகுப்பில் அவள் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. திமிர் பிடித்தவள் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். உண்மை என்னவென்றால், வீட்டில் பேசிப் பேசியே அவள் வாய் ஓய்ந்து போயிருந்தது.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஒருவரோடு ஒருவர் பேசுவதை நிறுத்திப் பல வருடங்களாகிவிட்டன. என்ன சண்டை என்பது அவளுக்குச் சரியாகத் தெரியாது. "உங்கப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீரப்போகுது," என்பார் அம்மா. இவள் கூடத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டும். "உங்கம்மாகிட்ட சொல்லு, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குதுன்னு," என்பார் அப்பா. மறுபடி சமையலறை. இத்தனைக்கும் இரண்டுக்கும் நடுவே ஒரு கதவுகூடக் கிடையாது.

பள்ளி விட்டால் வீட்டுக்குப் போகக் கால் வராது. அதனால் கூடப் படிக்கும் நெட்டையின் கடையில் போய் உட்கார ஆரம்பித்தாள். நெட்டையின் அம்மா சலவைக் கடை வைத்திருந்தார். சாயங்காலம் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து அழுக்கு விரிப்புகளை அள்ளிவரக் கிளம்பிவிட்டால் கடை நெட்டையின் தலையில்தான். சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கப் பழகியிருந்தாள் நெட்டை.

அங்கேதான் ஒரு நாள் அதே வகுப்புச் சுருட்டை கிதாரோடு வந்து நின்றாள். அவளுடைய அக்கா கல்யாணமாகிப் போனபோது விட்டுவிட்டுப் போன எலக்ட்ரிக் கிதார் அது.

"நாம மூணு பேரும் ஒரு ராக் பேண்ட் ஆரம்பிக்கலாம்டி."

"எனக்கு உக்காரவே நேரமில்ல. இதுல பேண்டாம் பேண்டு," என்றாள் நெட்டை, விரிப்பை மடித்துக்கொண்டே.

"டிரம்ஸ் உக்காந்துதான்டி வாசிக்கணும்."

நெட்டை மடிப்பதை நிறுத்தினாள். "நிஜமாவா?"

இப்படித்தான் அவள் டிரம்மர் ஆனாள். காலியான சோப்புத்தூள் டப்பாக்களைக் கவிழ்த்துப் போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, மரக்கரண்டிகளால் தட்டினாள். "தாளம் வருதோ இல்லையோ, எழுந்திருக்கவே மாட்டேங்கிறா," என்று சுருட்டை அலுத்துக்கொண்டாள். ஆனால் பாடத்தான் ஆளில்லை. சுருட்டை வாயைத் திறந்தால் வாடிக்கையாளர்கள் துணியை ஈரத்தோடேயே வாங்கிக்கொண்டு போனார்கள். பூனை எதிலும் கலந்துகொள்ளாமல் தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் துணி உலர்த்தும் பெரிய ட்ரையரின் உட்புறத்தில் யாருடைய காலுறையோ ஒட்டிக்கொண்டது. எடுப்பதற்காகப் பூனை தலையை உள்ளே விட்டாள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. இருட்டு. யாருடைய குரலும் எட்டவில்லை. அன்று காலை பல் விளக்கி முடிப்பதற்குள்ளேயே நாலு முறை கூடத்துக்கும் சமையலறைக்கும் அலைந்திருந்தாள். என்ன தோன்றியதோ, "உங்கப்பாகிட்ட சொல்லு!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். இரும்பு உருளை அந்தக் குரலைப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தது.

வெளியே தலையை எடுத்தபோது இருவரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னொரு வாட்டி கத்து," என்றாள் சுருட்டை. அவள் கை கிதாருக்குப் போய்விட்டிருந்தது.

பாட்டு எழுத யாரும் மெனக்கெடவில்லை. பூனையிடம் வேண்டிய அளவுக்குச் சேர்ந்து கிடந்தது. கேஸ் தீரப்போகுது சொல்லு, சாவி எங்கேன்னு கேட்டுச் சொல்லு, நாளைக்கு வர லேட்டாகும்னு சொல்லு, சொல்லு, சொல்லு. இயந்திரங்கள் ஓடும் சத்தத்துக்கு நடுவே பயிற்சி நடந்தது. சில நாள் பாட்டுப் பாதியில் நிற்கும். திரும்பிப் பார்த்தால் நெட்டை டப்பாமேல் தலை வைத்துத் தூங்கியிருப்பாள்.

பள்ளி ஆண்டு விழாவில் இடம் கிடைத்தது. பூனை வீட்டில் சொல்லவில்லை. பள்ளிக்கூடமே பெற்றோர் எல்லோருக்கும் தகவல் அனுப்பிவிட்டது. மேடையேறிய பிறகுதான் பார்த்தாள்: ஒரே வரிசையின் இந்தக் கோடியில் அம்மா, அந்தக் கோடியில் அப்பா.

"என்னால முடியாது. வேற பாட்டு பாடலாம்."

"வேற பாட்டு எங்கடி இருக்கு நம்மகிட்ட?" என்றாள் சுருட்டை.

பூனை பாடினாள். முதலில் கூட்டம் சிரித்தது. கேஸ் வரிக்குக் கைதட்டல்கூட வந்தது. அம்மா கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். அப்பா தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், பயிற்சியில் இல்லாத ஒரு வரி பூனையின் வாயில் வந்தது: "நடுவுல ஒருத்தி இருக்கான்னு, யாராவது போய்ச் சொல்லு." அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

விழா முடிந்து அப்பா, அம்மா, பூனை மூவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். வெகுநேரம் பஸ் வரவில்லை.

"உங்கம்மாகிட்ட சொல்லு," என்றார் அப்பா, பழக்க தோஷத்தில். "பஸ் லேட்டாகுமாம்."

பூனை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "தொண்டை கட்டிக்கிச்சுப்பா. முடியல."

அம்மா சாலையைப் பார்த்தபடியே, "கேட்டுச்சு," என்றார். சற்றுப் பொறுத்து, "எனக்கே கேட்டுச்சு," என்றார், இந்த முறை அப்பாவைப் பார்த்து.

அதனால் எதுவும் கூடிவந்துவிடவில்லை. சில மாதங்களில் அப்பா வேலைக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போனார். அந்த முடிவை இருவருமே சமையலறையில் நின்று பேசித்தான் எடுத்தார்கள், வங்கி வரிசையில் முன்பின் தெரியாதவர்கள் பேசிக்கொள்வதுபோல, மரியாதையாக. பூனை உள்ளே படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. அழுகை வரும் என்று நினைத்தாள். தூக்கம்தான் வந்தது.

பேண்ட் நிற்கவில்லை. ஆனால் அடுத்த பாட்டு வருவேனா என்றது.

"இனிமே எதைப் பத்திடி கத்துறது?" என்றாள் சுருட்டை.

"என் கால் வலியைப் பத்திக் கத்துங்க," என்றாள் நெட்டை.

பூனை சிரித்தாள். விரிப்பின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள, மறுமுனையை நெட்டை பிடித்தாள். மடித்து மடித்து ஒருவரை ஒருவர் நெருங்கி வந்து, குவியலின் மேலேயே சாய்ந்துவிட்டார்கள். சுருட்டை கிதாருக்குச் சுருதி சேர்த்துவிட்டு நிமிர்ந்தபோது இருவரும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.