குமுதவல்லியின் துப்பாக்கி

என் கணவர் ரெங்கராஜ் சோப்புப் போட்டுக் கை கழுவ ஆரம்பித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உறையூரில் எங்கள் வீட்டின் முன்கட்டில் துப்பாக்கி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துவிட்டுச் சாப்பிட உட்காருகிற மனிதர். அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை முழங்கை வரை தேய்த்துக் கழுவி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் வயிறு எரியாது?

வந்தவள் பெயர் குமுதவல்லி. ஸ்ரீரங்கத்துக்காரி, பேங்கில் அதிகாரி. தொட்டியத்தில் அவர்களுக்கு வாழைத்தோட்டம் உண்டு. காட்டுப்பன்றித் தொல்லைக்காக அவள் அப்பா லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த துப்பாக்கி இப்போது அவள் பேருக்கு மாறியிருந்தது. குழலின் வாய்வழியாக வெடிமருந்தைப் போட்டு இடிக்கிற பழைய ரகம். ஆனால் குழலுக்குள் சுருளாக வரி ஓடுகிற அசல் ரைபிள். அதன் லாக் உடைந்திருந்தது. குதிரை, ஸ்பிரிங் எல்லாம் ஒரே இரும்புத் தகட்டில் பூட்டியிருக்கும் பாகத்தைத்தான் லாக் என்போம். குதிரை என்கிற சுத்தி விழுந்து, மருந்தைப் பற்றவைக்கிற சின்ன ‘கேப்’பைத் தட்டினால்தான் வெடிக்கும். புது லாக் மாட்ட வேண்டும் என்று முதல் முறை வந்த அன்றே முடிவாயிற்று.

அந்தச் சனிக்கிழமை அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"வேணி, மேடத்துக்கு நாற்காலி எடுத்துப் போடு."

போட்டேன். பிறகு காபி என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். அவள் உட்கார்ந்து குடித்தாள், அவர் நின்று பேசினார், நான் காலி டம்ளருக்காகக் கதவோரம் காத்திருந்தேன்.

எங்கள் கடையில் இரும்பு வேலை அவருடையது, மரவேலை என்னுடையது. நான் ஆசாரி வீட்டுப் பெண். ஸ்பிரிங்கை அடித்துப் பதம் வைத்து, குதிரையை அரம் போட்டுச் சரிசெய்து அவர் கொடுப்பார். அந்த லாக்கைத் துப்பாக்கியின் மரக்கட்டையில் உட்கார வைப்பது நான். தகட்டைச் சிம்னி விளக்கின் புகையில் காட்டிக் கரி ஏற்றி, கட்டையில் வெட்டிய குழிக்குள் வைத்து அழுத்தி எடுத்தால், மேடாக இருக்கும் இடத்தில் மட்டும் கரி ஒட்டும். அதை உளியால் லேசாகச் சுரண்டிவிட்டு மறுபடி கரி ஏற்றிப் பார்க்க வேண்டும். குழி முழுக்கச் சீராகக் கரி ஒட்டுகிற வரைக்கும் இப்படியே போகும். அவசரப்பட்டு ஓர் இழை அதிகம் சுரண்டிவிட்டால் வேலை கெட்டது.

குமுதவல்லியின் துப்பாக்கி மட்டும் என் கைக்கு வரவில்லை. கேட்டால், இதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். எல்லாத் துப்பாக்கிக்கும் அதே சட்டம்தானே, இத்தனை வருடமாக அந்தச் சாவி சாமி படத்துக்குப் பின்னால்தானே இருந்தது?

ஒரு நாள் துவைக்கப் போட்ட சட்டையின் கைமடிப்பில் கரியைப் பார்த்தேன். சாப்பிடும்போது விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணில் எல்லாம் சிம்னிப் புகை. என் வேலையை அவளுக்காகத் தன் கையாலேயே செய்துகொண்டிருக்கிறார். எங்கள் சமையலறை அலமாரிக் கதவு போன தீபாவளியிலிருந்து ஒற்றைக் கீலில் தொங்குகிறது. அதைத் தொட அந்தக் கைக்கு நேரமில்லை.

இரண்டு சாயங்காலத்தில் முடிகிற வேலை ஒரு மாதத்தை எட்டிவிட்டது. அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தாள், அவர் அடுத்த வாரம் என்றார். வேலையை முடித்துவிட்டால் அவள் வரமாட்டாள் அல்லவா, அதற்குத்தான் இந்த இழுவை என்று எனக்குப் பட்டது. அவள் வந்தால் வாயெல்லாம் பல். போனதும் உர்ரென்று உட்கார்ந்துவிடுவார். என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதே குறைந்துவிட்டது. இந்த வீட்டில் எனக்கு இடம் உண்டா இல்லையா என்று நேராகத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். அவள் அண்ணன் பராசரனின் துப்பாக்கிக்குப் போன வருடம் லாக் மாட்டியது எங்கள் கடைதான். அதனால் வடக்கு உத்தர வீதியில் வீடு தெரியும். அண்ணனும் தங்கையும் ஒரே வீடு. கதவைத் திறந்தவளிடம், உட்காரச் சொல்வதற்கு முன்பே, உங்கள் துப்பாக்கியை வேறு கடைக்கு எடுத்துப் போய்விடுங்கள் என்று சொன்னேன்.

அவளுக்குக் கோபம் வரவில்லை, சலிப்புத்தான் வந்தது.

"அதுக்கு ஏன் ஒரு மாசம் அலையவிட்டார்? எங்கண்ணா துப்பாக்கில லாக்க உக்கார வச்சது யாரோ, அவாதான் இதையும் செய்யணும்னு முதல் நாளே சொன்னேன். விளிம்புல நகம் நுழையலை, அப்படி ஒரு வேலை. யார் செஞ்சதுன்னு கேட்டேன். நான்தான்னார்."

அது நான் செய்தது. பராசரன் அதை வாங்கிப் போன அன்று நான் அடுப்படியில் இருந்தேன். துப்பாக்கி அங்கேயே இருக்கட்டும், அடுத்த சனிக்கிழமை வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். பஸ் காவேரிப் பாலத்தைத் தாண்டும்போது அவள்மேல் இருந்த எரிச்சல் போயிருந்தது. அதற்குப் பதில் வேறொன்று கொதித்தது.

வீட்டுக்கு வந்து கையை நீட்டினேன். "சாவியக் குடுங்க."

எங்கே போய் வந்தேன் என்று அவர் கேட்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். பெட்டியைத் திறந்து பார்த்தால், குழியின் ஒரு பக்கம் பாழாகியிருந்தது. லாக்குக்கும் மரத்துக்கும் நடுவே தீக்குச்சி போகும் இடைவெளி. அதில் பசையும் மரத்தூளும் குழைத்து அடைத்திருந்தார். அதுவும் உதிர்ந்துகொண்டிருந்தது.

"ஏன் எங்கிட்ட குடுக்கல?"

அரத்தை எடுத்துத் துடைத்தார்.

"பராசரன் சார் வந்த அன்னிக்கு எல்லாரும் அந்தக் கட்டையத்தான் தடவித் தடவிப் பாத்தாங்க. நான் அடிச்ச ஸ்பிரிங் உள்ள கெடக்கு. அத யாரு பாத்தா?"

நான் யாரோ ஒருத்தியை நினைத்து ஒரு மாதம் எரிந்திருக்கிறேன். இவர் எரிந்ததெல்லாம் என்னை நினைத்து. சிரிப்பு வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. என் வேலையைத் தன்னுடையது என்று சொன்னவருக்கு என்மேலேயே பொறாமையா?

பசையைச் சுரண்டி எடுத்தேன். ரேகை ஒத்துப்போகிற மரச்சீவலாகத் தேடி ஒட்டி, காயவிட்டு, சிம்னியை ஏற்றினேன். உளி வேண்டும்போது அவர் எடுத்துக் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை குமுதவல்லி வந்தபோது நான் அடுப்படிக்குப் போகவில்லை. அவள் தகட்டின் விளிம்பில் நகத்தை வைத்து ஓட்டினாள். எங்கேயும் நுழையவில்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

"மரவேல வேணியோடது மேடம். உங்க அண்ணன் துப்பாக்கியும் அவதான் செஞ்சா."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. அவள் அப்படியே என் பக்கம் திரும்பினாள். மரத்துக்கு என்ன எண்ணெய் போடலாம், மழைக்காலத்தில் ஊதுமா, இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டேன் என்று கேட்டுக்கொண்டே போனாள். நடுவில் குதிரையை ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி வந்தது. அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் மறுபடி கட்டையைத் தடவினாள்.

அவர் காத்துக்கொண்டிருந்தார். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதமாகத் தலைவாரும்போது கண்ணாடியில் அதைத்தான் பார்த்தேன். ஸ்பிரிங் இவர் அடித்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நான் கதவோரம் நின்ற சனிக்கிழமைகளும் கூடவே ஞாபகத்துக்கு வந்தன.

"ஏங்க," என்றேன், "மேடத்துக்கு நாற்காலி எடுத்துப் போடுங்க. அப்படியே எனக்கும் ஒண்ணு."