மடியில் வைக்கிற பெட்டி

என் கணவர் ஜாஸ்பர் பிளம்பர். கடைக்குப் போனால் எந்தச் சாமானையும் சோதித்துப் பார்க்காமல் வாங்க மாட்டார். மந்தாரக்குப்பத்தில் செங்குட்டுவன் அண்ணனின் ஹார்டுவேர் கடைக்கு டூல்ஸ் பெட்டி பார்க்கப் போன அன்று, இரண்டு பெட்டிகளைத் தரையில் இறக்கச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றின் மீதும் ஏறி நின்றார்.

"இன்னாப்பா ஜாஸ்பரு, பொட்டி வாங்க வந்தியா, கொடி ஏத்த வந்தியா?" என்றார் அண்ணன்.

"வால்வு ஒசரத்துல இருந்தா எதும்மேல ஏறட்டும்? உங்க தலமேலயா?"

பிளாஸ்டிக் பெட்டியின் மூடி அவர் பாரத்துக்குக் குழிந்தது. கொக்கிகளும் பிளாஸ்டிக். "நம்ம ஊரு வெயில்ல ரெண்டு கோடைக்கு வராதுண்ணே. மொறுமொறுன்னு ஒடஞ்சிடும்" என்று ஒதுக்கிவிட்டார். மற்றது இரும்பு. இரண்டு பக்கமும் விரிந்து தட்டுத் தட்டாகத் திறப்பது. ரிவெட் ஒவ்வொன்றையும் நகத்தால் நெம்பிப் பார்த்தார். காதைக் கிட்டே கொண்டுபோய்க் கொக்கியைத் திறந்து மூடினார்.

"இது என் காலத்துக்கும் வரும்" என்றார். கூடப் போயிருந்த நானும் அண்ணனும் தலையாட்டினோம்.

அப்போது நான் அவருக்கு ஹெல்பராகி ஒரு வருஷம் இருக்கும். அதற்கு முன் கூட வேலை பார்த்தவர் மைன்ஸில் கான்ட்ராக்ட் கிடைத்துப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் என்றுதான் நான் கூடப் போனேன். வாஷ்பேசினுக்குப் பின்னால் அவர் கை நுழையாத சந்தில் என் கை நுழைந்தது. அதற்கப்புறம் வேறு ஆள் பேச்சே எழவில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டிலேயே கிடந்தவள் நான். ஒழுகிக்கொண்டிருந்த குழாய் என் கையில் கடைசிச் சொட்டு விட்டு நிற்கும்போது வந்த சந்தோஷத்தை, அதுவரை வேறெதிலும் கண்டதில்லை.

வடக்குத்திலிருந்து டவுன்ஷிப்புக்கு மொபெட்டில் போவோம். முன்னால் கால் வைக்கிற இடத்தில் டிரில் மெஷினும் பைப் சாமான்களும் இருக்கும். பின்னால் நான், என் மடியில் பெட்டி.

இரும்பின் விளிம்பு தொடையில் அழுந்தி நீலமாக ஒரு கோடு விழுந்தது. துண்டை நாலாக மடித்துப் புடவைக்குள் வைத்துக்கொண்டேன். வேகத்தடை வந்தால் அவர் இரண்டு காலையும் ஊன்றி, வண்டியை உருட்டியே கடத்துவார்.

"இன்னாங்க இது, மாதா தேர் இழுக்கற மாதிரி?" என்று நான் கேலி செய்வேன்.

"தேர்ல உக்காந்தவ சும்மா வா." கொஞ்ச தூரம் போய், திரும்பாமலே கேட்பார். "கனமா இருக்குதா ரெஜி?"

"இன்னா கனம்? பஞ்சு மூட்ட கணக்கா இருக்குது."

கனம் என்று சொன்னால் ஆள் தேட ஆரம்பித்துவிடுவார் என்று எனக்குப் பயம். நானும் சொல்லவில்லை, அவரும் கேட்பதை விடவில்லை. ஏறக்குறைய தினமும் அதே கேள்விக்கு அதே பஞ்சு மூட்டையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன ஐப்பசியில், மழை விடாமல் பெய்த ஒரு விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரம், டவுன்ஷிப் பதினெட்டாம் பிளாக்கிலிருந்து அம்சவல்லி டீச்சர் போன் செய்தார்கள். எங்களுக்குப் பல வருஷமாக வேலை கொடுத்தவர்கள்.

"பாத்ரூம் மேல இருக்குற வால்வு ஒழுகுதும்மா. நீ தனியா வருவியா, இல்ல வேற ஆளப் பாக்கட்டுமா? சங்கடப்படாம சொல்லு."

"நானே வரேங்க டீச்சர்."

சொல்லிவிட்டேன். அந்த ஒரு வீட்டை விட்டால் அத்தனை பிளாக்கும் கையை விட்டுப் போய்விடும். அப்புறம் நான் வீட்டில்தான் உட்கார வேண்டும்.

மறுநாள் காலை பெட்டியை வண்டியின் முன்னால் வைத்தேன். ஹேண்டில்பார் திரும்பவில்லை. பின்சீட்டில் வைத்துக் கயிற்றால் கட்டினேன். டவுன்ஷிப் ஆர்ச் கேட் தாண்டி முதல் வேகத்தடையில் கட்டு நழுவிப் பெட்டி விழுந்தது. ஸ்பேனர்கள் ரோடெல்லாம் சிதறின. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு மூலையில் பெயின்ட் உரிந்ததோடு சரி. குனிந்து பொறுக்கும்போது அதன் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மத்தியானம் வருகிறேன் என்று டீச்சரிடம் போனில் சொல்லிவிட்டு, வண்டியை மந்தாரக்குப்பத்துக்குத் திருப்பினேன்.

வேறு பெட்டி வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், செங்குட்டுவன் அண்ணன் ஸ்டூல் போட்டு ஏறி, மேலே மாட்டியிருந்த கான்வாஸ் பை ஒன்றை இறக்கினார். தூசி தட்டி என் முன் வைத்தார்.

"மொதல்ல இத பாரும்மா. போன சித்திரையில ஜாஸ்பரு வந்தான். 'அண்ணே, வண்டிய எடுங்க'ன்னான். நான் ஓட்டறேன். அவன் எம்பின்னால பொம்பளைங்க மாதிரி ஒரு பக்கமா காலப் போட்டுகினு, மடியில பொட்டிய வெச்சிகினு வரான். பஸ் ஸ்டாண்டு போயி திரும்பினோம். அப்புறம் வேற பொட்டி. அதுக்கப்புறம் இந்தப் பை. டீக்கடையில சிரிக்கறானுங்க, 'செங்குட்டுவன் புதுப் பொண்ண இட்டுகினு போறாருடா'ன்னு. அவன் எதையும் கண்டுக்கல. 'இதுதான் தொடைய அறுக்கலண்ணே'ன்னான்."

"அப்ப ஏன் வாங்கலீங்க?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'கனம்னு அவ வாயத் தொறக்க மாட்டேங்கறா. நானா மாத்துனா, ஒன்னால முடியலன்னு சொல்ற மாதிரி ஆயிடும். வேலைய வுட்டு நிறுத்தப் போறேன்னு நெனச்சிக்குவா. அவளே ஒரு வார்த்த சொல்லட்டும், அன்னிக்கே வந்து எடுத்துக்கறேன், யாருக்கும் வித்துடாதீங்க'ன்னான்."

பையை மடியில் வைத்துப் பார்த்தேன். அடிப்பாகம் மெத்தென்று தொடையோடு படிந்தது. வாஷர், நூல், நட்டு என்று நாள் முழுவதும் பேசிக்கொண்டே போன இரண்டு பேர் நாங்கள். ஒரு வார்த்தைதான். சித்திரையில் சொல்லியிருந்தாலும் போதும். அவர் பின்னால் இந்தப் பையோடு ஒரு ஆறு மாதமாவது உட்கார்ந்திருப்பேன்.

பையைத் தரையில் வைத்து ஏறி நின்றேன். அமுங்கிப் போனது. அவர் எட்டுகிற உயரம் எனக்கு எட்டாது. படியாகவும் நிற்கிற ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

"வேற காட்டுங்கண்ணே. முன்னால நிக்கற மாதிரி, அகலம் கம்மியா."

கெட்டிப் பிளாஸ்டிக்கில் இரும்புக் கொக்கி வைத்த பெட்டி ஒன்றை எடுத்து வந்தார். வண்டியின் முன்னால் வைத்து ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் திருப்பினேன். இடிக்கவில்லை. கீல்களை நகத்தால் நெம்பினேன். காதருகே கொக்கியைத் திறந்து மூடினேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றேன். மூடி குழியவில்லை.

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

"கேளுங்கண்ணே. அவரக் கேட்டீங்க இல்ல?"

"இன்னாம்மா... கொடி ஏத்த வந்தியா?"

"டீச்சர் வூட்டு வால்வு ஒசரத்துல இருக்குதுங்க."

டூல்ஸை மாற்றி அடுக்கினேன். கிளம்பும்போது, "பைய என்னம்மா பண்றது?" என்று கேட்டார்.

"அது ரெண்டு பேர் போற வண்டிக்குங்கண்ணே. யாராவது கேட்டா குடுத்துடுங்க."

டீச்சர் வீட்டு வால்வு மூன்று மணிக்குள் சரியாகிவிட்டது. அதற்கப்புறமும் கூப்பிடுகிறார்கள், போகிறேன். இரும்புப் பெட்டி வீட்டில் கட்டிலுக்கடியில் இருக்கிறது. எப்போதாவது திறந்து மூடினால் கொக்கி அதே சத்தம்தான் போடுகிறது. என் தொடையில் இருந்த கோடு மங்கிக்கொண்டு வருகிறது. வெளிச்சத்தில் பார்த்தால்தான் இப்போது தெரிகிறது.